மிச்சச் சோறு யாருக்கு?

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. பிள்ளைகள் பாதி தின்ற கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். பானையின் அடியில் இரண்டு அகப்பை சோறு, சட்டியில் கொஞ்சம் பருப்பு, ஒரு துண்டு மீன். மகள் அவற்றை வழித்துக் கொட்டப் போகிறாள். "உதை ஏன் பிள்ளை கொட்டுறாய்? இஞ்ச கொண்டா, நான் சாப்பிடுறன்" என்று அம்மா கையை நீட்டுகிறார். அம்மாவுக்குச் சர்க்கரை வருத்தம் வந்து பல வருடங்கள். காலையில்தான் மருந்துக் குளிசை போட்டிருக்கிறார்.

இந்தக் காட்சியைக் காணாத தமிழ் வீடு ரொறன்ரோவில் குறைவு. அன்னத்தைக் கொட்டக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் அந்த மிச்சம் இன்று எங்கே போகிறது என்று நாம் யோசிப்பதில்லை. ஒன்றில் குப்பைப் பைக்குள் போகிறது, அல்லது அம்மாவின் உடம்புக்குள் போகிறது. இரண்டும் கெடுதலே. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது எங்களுக்குப் புதியதும் அல்ல. அதைப் பற்றியே இம்மாத நலவாழ்வுப் பகுதியில் பார்ப்போம்.

ஊரில் மிச்சம் எங்கே போனது?

யாழ்ப்பாணத்து வளவொன்றை நினைத்துப் பாருங்கள். அரிசி கழுவிய தண்ணீரும் கஞ்சியும் மரக்கறித் தோலும் மாட்டின் தொட்டிக்குப் போயின. சிந்திய சோற்றைக் கோழி பொறுக்கியது. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாழைக்கு ஓடியது. மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் எருக்கும்பிக்குப் போய், அடுத்த போகத்தில் தோட்டத்துக்கு வந்தன. வேலியடைத்த பனையோலை பழசானதும் அதையும் தோட்டத்து மண்ணில் புதைத்தார்கள். பூவரசங்குழையை வெட்டித் தாட்டார்கள். மண்ணில் இருந்து வந்தது மீண்டும் மண்ணுக்கே போனது. இன்றைக்கு உலகம் முழுவதும் 'வட்டப் பொருளாதாரம்' என்று பேசுகிறார்களே, அதன் சாரம் இதுதான்: ஒருவரின் கழிவு இன்னொருவரின் உணவாகவேண்டும்.

ஆகவே ஊரில் "கொட்டாதே" என்று சொன்னது, மிச்சம் எல்லாவற்றையும் ஆட்கள்தான் தின்றுமுடிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. மாடும் கோழியும் மண்ணும் பங்கு கேட்டுக்கொண்டிருந்தன. இங்கே மாடும் இல்லை, கோழியும் இல்லை. அவை செய்த வேலையையும் அம்மாக்களே செய்கிறார்கள்.

ஊரிலும் எல்லாம் எப்போதும் நன்றாகவே இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. இரசாயனப் பசளை வந்தபின் எருவின் இடத்தை யூரியா பிடித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் தேங்கும் மழைநீரே எங்கள் கிணற்று நீர். பயிர் எடுத்தது போக மிஞ்சும் பசளை, பாய்ச்சும் தண்ணீரோடும் மழையோடும் கீழே இறங்கி, நைத்திரேற்று ஆகக் கிணற்றில் சேருகிறது. தோட்டச் செய்கை கூடிய வலிகாமம் பகுதியில் பல கிணறுகளில் அது அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து, உடம்பு நீலம் பாரிக்கக்கூடும். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. வட்டம் உடைந்தால் அது கடைசியில் மனித உடம்பில்தான் வந்து நிற்கும் என்பதற்கு எங்கள் கிணறே சாட்சி.

இங்கே மிச்சம் எங்கே போகிறது?

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி தொன் உணவு வீசப்பட்டது. இதில் 60 வீதம் வீடுகளில் இருந்து வந்தது. கடைகளையும் உணவகங்களையும் விட எங்கள் அடுப்படிகளே அதிகம் வீசுகின்றன. கனடாவில் ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சுமார் 140 கிலோ உண்ணக்கூடிய உணவை வீசுகிறது என்றும், அதன் பெறுமதி 1,100 டொலருக்கு மேல் என்றும் நாஷனல் ஸீரோ வேஸ்ட் கவுன்சில் 2017இல் கணக்கிட்டது. அதன்பின் மளிகை விலை எவ்வளவு ஏறிவிட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

ரொறன்ரோ நகரின் குப்பை 2010ஆம் ஆண்டின் முடிவு வரை பாரவண்டிகளில் எல்லை கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2007இல் ஒன்ராறியோவின் லண்டன் நகருக்கு அருகே உள்ள கிறீன் லேன் குப்பை நிலத்தை ரொறன்ரோ வாங்கியது. இப்போது எங்கள் குப்பை சுமார் 200 கிலோமீற்றர் பயணம் செய்து அங்கே புதைக்கப்படுகிறது. அந்த நிலமும் ஒருநாள் நிரம்பும்.

சோறும் கறியும் அப்படிப் புதைந்தால் என்ன நடக்கும்? காற்றுப் படாத இடத்தில் அவை அழுகும்போது மீதேன் என்ற வாயு உண்டாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவை விட சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். குப்பை நிலங்களில் குழாய் வைத்து இதைப் பிடிக்கிறார்கள் என்றாலும் முழுவதையும் பிடிக்க முடிவதில்லை.

உடம்பும் ஒரு குப்பைத் தொட்டியா?

இனி அம்மாவின் பங்குக்கு வருவோம். சமைத்த சோறு ஒரு கோப்பையின் மூன்றில் ஒரு பங்கில் சுமார் 15 கிராம் மாச்சத்து இருக்கிறது. அது ஒரு துண்டுப் பாணுக்குச் சமம். பானையின் அடியில் கிடந்த இரண்டு அகப்பைச் சோறு, தாராளமாக ஒரு கோப்பை வரும். அதாவது வயிறு நிறைந்தபின் மேலதிகமாக மூன்று துண்டுப் பாண். தெற்காசியருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடுதல், அதுவும் இளம் வயதிலேயே வரும் என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. அப்படிப்பட்ட உடம்புக்குள் தேவையில்லாத உணவைப் போடுவது உணவைக் காப்பாற்றுவது ஆகாது. அதுவும் வீண்தான். குப்பைக்குப் போனால் பணம் போகும். உடம்புக்குப் போனால் கண்ணும் காலும் சிறுநீரகமும் அல்லவா விலை கொடுக்கின்றன?

எனவே மிச்சத்தை யார் தின்பது என்று கேட்பதற்கு முன்னால், மிச்சம் ஏன் வருகிறது என்று கேட்போம்.

முதலாவது: அளந்து சமைப்போம்

ஊரில் சுண்டால் அளந்து போட்டார்கள். இங்கே பையில் இருந்து கண்ணளவில் கொட்டுகிறோம். ஒரு கோப்பை அரிசி சமைத்தால் சுமார் மூன்று கோப்பை சோறு வரும். ஒருவருக்கு ஒரு வேளைக்குக் கால் கோப்பை முதல் அரைக் கோப்பை அரிசி போதும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கால் கோப்பையே கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒன்றரைக் கோப்பை அரிசி போட்டு ஒரு கிழமை பாருங்கள். மிஞ்சினால் குறையுங்கள், போதாவிட்டால் கூட்டுங்கள்.

2019இல் வெளிவந்த கனடா உணவு வழிகாட்டி, கோப்பையில் பாதி மரக்கறியும் பழமும், கால் பங்கு புரதம், கால் பங்கு முழுத்தானியம் என்கிறது. எங்கள் வழக்கப்படி சொன்னால், சோறு கால் பங்கு. பருப்பு, மீன், முட்டை, இறைச்சி கால் பங்கு. மீதிப் பாதி வறை, கீரை, மரக்கறி, சலாது. முதலில் மரக்கறியைப் போட்டுவிட்டுப் பிறகு சோற்றைப் போட்டால் இது தானாகவே வந்துவிடும். பிள்ளைகளுக்குச் சிறிதாகப் போட்டு, வேண்டுமானால் மீண்டும் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் ஊசியோ, இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக இறக்கும் குளிசையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடலாம். குடும்ப வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

இரண்டாவது: மிச்சத்தைச் சரியாக வைப்போம்

அளந்தாலும் சில நாட்கள் மிஞ்சத்தான் செய்யும். அதைக் கெடாமல் வைத்து அடுத்த நாளுக்கு எடுத்துக்கொள்வதே நல்லது. ஆனால் சோற்றில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு மேசையில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும. அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. வாந்தியும் வயிற்றோட்டமும் அதன் பலன். ஆகவே:

• சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பெரிய பானையோடு வைக்காமல் தட்டையான சிறு பாத்திரங்களில் பிரித்து வைத்தால் விரைவில் குளிரும்.
• பெட்டிக்குள் வெப்பம் 4 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும்.
• சோற்றை மறுநாளே முடியுங்கள். கறிகளை 3 நாளுக்குள் முடியுங்கள். முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே உறைபெட்டியில் போடுங்கள்.
• ஆவி பறக்க முழுவதும் சூடாக்குங்கள். ஒரு முறைக்கு மேல் சூடாக்க வேண்டாம். தேவையானதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள்.

பழஞ்சோறு பற்றிப் பலர் கேட்கிறார்கள். தண்ணீர் ஊற்றிய சோறு இரவில் புளிப்பது நல்ல நுண்ணுயிர்களின் வேலை. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை ஓரளவு அடக்கும். ஆனால் மதியம் முதல் மேசையில் கிடந்த சோற்றுக்கு இரவில் தண்ணீர் ஊற்றினால் அது பாதுகாப்பானதாக மாறிவிடாது. விரும்புபவர்கள் புதிதாக வடித்த சோற்றை விரைவில் ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றி, காலையிலேயே முடித்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தவிர்ப்பது நல்லது.

துருவிய தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை, முருங்கைக்காய், அரைத்த இஞ்சி உள்ளி எல்லாம் உறைபெட்டியில் நன்றாக இருக்கும். கீரைக்கட்டை ஈரம் துடைத்துத் துணியிலோ கடதாசியிலோ சுற்றி வையுங்கள். முள்ளங்கி இலை, பீற்றூட் இலை வறைக்கு உதவும். வாழைக்காய்த் தோலில் சம்பல் செய்யத் தெரிந்த அம்மம்மாமார் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள், கேட்டு வையுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இலை வகைகளை வைத்தியர் சொன்ன அளவில் எடுக்கவேண்டும்.

திகதியைச் சரியாக வாசிப்போம்

பொதியில் 'பெஸ்ட் பிஃபோர்' என்று இருக்கும் திகதி முடிந்த அன்றே பலர் அதைத் தூக்கி வீசிவிடுகிறார்கள். கனடாவில் அந்தத் திகதி, உடைக்காத பொதியைச் சரியாக வைத்திருந்தால் அதுவரை சுவையும் தரமும் குறையாது என்பதற்கானது. அது நஞ்சாகும் திகதி அல்ல. 'எக்ஸ்பிரேஷன்' திகதி வேறு. அது குழந்தைப் பால்மா, உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் பானங்கள் போன்ற சிலவற்றுக்கே கட்டாயம். அந்தத் திகதி முடிந்தால் பாவிக்கக்கூடாது.

ஆனால் ஒன்று. பொதியை உடைத்தபின் 'பெஸ்ட் பிஃபோர்' திகதி செல்லாது. வெட்டிய இறைச்சி, மென்மையான சீஸ் போன்றவற்றில் வளரும் லிஸ்டீரியா கிருமிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதியவர்களும் கர்ப்பிணிகளும் இவற்றில் மூக்கை நம்பக்கூடாது.

மூன்றாவது: மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்போம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தோலும் எலும்பும் தேயிலைச் சக்கையும் மிஞ்சும். இங்கேதான் பழைய மாட்டுத் தொட்டியின் இடத்தில் பச்சைத் தொட்டி நிற்கிறது. ரொறன்ரோவில் இது 2002இல் எற்றோபிக்கோவில் தொடங்கி, 2003இல் ஸ்காபறோவுக்கு வந்து, 2005க்குள் நகர் முழுவதும் பரவியது. மீன் முள், இறைச்சி எலும்பு, கெட்ட சோறு கறி, முட்டைக் கோது, எண்ணெய் பட்ட கடதாசி எல்லாம் இதில் போடலாம்.

அங்கே என்ன நடக்கிறது? மாவரைக்கும் இயந்திரம்போலத் தண்ணீரோடு சேர்த்துக் கலக்கி, பிளாஸ்ரிக் பைகளைப் பிரித்தெடுக்கிறார்கள். மிஞ்சிய கூழைக் காற்றுப் புகாத பெரிய தாங்கிகளில் நுண்ணுயிர்கள் செரிக்கின்றன. குப்பை நிலத்தில் காற்றில் கலக்கும் அதே மீதேன் இங்கே பிடிபடுகிறது. டஃபரின் நிலையத்தில் 2021 முதல் இதைச் சுத்திகரித்து எரிவாயுக் குழாய்களில் சேர்க்கிறார்கள். எஞ்சும் திண்மம் கூட்டுப்பசளை ஆகிறது. நேற்றைய மீன் முள், நாளை ஒருவரின் அடுப்பில் எரிகிறது. கறுப்புப் பையில் போட்டால் இது ஒன்றும் நடக்காது. மாடிக் கட்டடங்களில் இருப்பவர்கள் தங்கள் கட்டடத்தில் பச்சைத் தொட்டி எங்கே இருக்கிறது என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.

பின்வளவு உள்ளவர்கள் தாங்களே கூட்டுப்பசளை செய்யலாம். ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு போடுங்கள். இலையுதிர்காலத்தில் ஒரு மூட்டை சருகை எடுத்து வைத்தால் வருடம் முழுவதும் உதவும். பிழிந்த துணிபோல ஈரம் இருக்கட்டும். இடைக்கிடை கிளறிவிடுங்கள். சோறு, எண்ணெய், மீன், இறைச்சி இதில் வேண்டாம். எலியும் ரக்கூனும் விருந்துக்கு வந்துவிடும். அவை பச்சைத் தொட்டிக்கே.

விக்டோரியா தினம் கழிந்து உறைபனிப் பயம் நீங்கியதும் மிளகாய், கத்தரி, வெண்டி, பாகல், புடோல், வெந்தயக் கீரை நடலாம். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் இருந்த அம்மா அப்பாவுக்கு இதைவிட நல்ல உடற்பயிற்சியும் மனமருந்தும் இல்லை. அம்மாவின் கை சும்மா இருக்கமாட்டாது. மிச்சக் கோப்பைக்கு நீளும் அந்தக் கைக்குப் பாகற்பந்தலைக் கொடுப்போம். ஆனால் சில கவனங்கள்:

• பழைய வீடுகளின் சுவரோரத்திலும் பெருந்தெரு ஓரத்திலும் மண்ணில் ஈயம் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் மண்ணைச் சோதிக்கக் கொடுங்கள், அல்லது பலகை அடித்து உயர்த்திய பாத்தியில் புது மண் போட்டு நடுங்கள். கீரையையும் கிழங்கையும் நன்றாகக் கழுவுங்கள்.
• பசளை கிளறும்போது கையுறை போடுங்கள். தூசி பறக்காமல் சிறிது நீர் தெளியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் அணியுங்கள்.
• ஏற்புத் தடுப்பூசியை 10 ஆண்டுக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளுங்கள்.

அவசரம் வேண்டாம்

வட்டத்தை ஒரே இரவில் கட்டிவிட முடியாது. இலங்கை அரசு 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்தது. அந்த அளவுக்குச் சேதனப் பசளை நாட்டில் இருக்கவில்லை. விவசாயிகளுக்குப் பழகிக்கொள்ளக் கால அவகாசமும் கொடுக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்த நேர்ந்தது. நெல் விளைச்சலும் கடுமையாக வீழ்ந்தது. நல்ல நோக்கமும் ஆயத்தம் இல்லாவிட்டால் பட்டினியில் முடியும். வீட்டிலும் அப்படித்தான். இம்மாதம் அரிசியை அளப்போம். அது பழகியபின் அடுத்ததைத் தொடங்குவோம்.

எங்கள் கொண்டாட்டங்கள்

கடைசியாக, மண்டபங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பிறந்தநாள் விழாவுக்கு 200 பேரை அழைத்து 300 பேருக்குச் சாப்பாடு சொல்கிறோம். குறைந்துவிட்டால் மானம் போய்விடும் என்று பயம். நள்ளிரவில் ஆறு மணி நேரம் வெளியில் கிடந்த பிரியாணித் தட்டுகளை ஆளுக்கொன்றாகக் கட்டிக் கொடுக்கிறோம். அது அன்பளிப்பு அல்ல, வயிற்றுவலி. வருவோரின் தொகையை உறுதிசெய்து, வகைகளைக் குறைத்து, மிஞ்சும் என்று தெரிவதை முதல் பந்தி முடிந்ததும் பொதிசெய்து குளிரில் வைப்போம். மண்டபத்தில் பச்சைத் தொட்டி உண்டா என்று முன்பே கேட்போம். உணவு வங்கிகள் பொதுவாக வீட்டில் சமைத்த உணவை ஏற்பதில்லை. குறைத்துச் சமைத்து, அந்தப் பணத்தில் பருப்பும் ரின் மீனும் வாங்கிக் கொடுத்தால் வாங்குவார்கள்.

அடுத்த ஞாயிறு அம்மா கையை நீட்டும்போது, "விடுங்கோ அம்மா, இது தோட்டத்துக்கு" என்றோ, "நாளைக்கு நான் வேலைக்குக் கட்டிக்கொண்டு போறன்" என்றோ சொல்லிப் பாருங்கள். அன்னத்தை மதிக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுத் தந்தவர் அவர். அந்த அன்னத்தால் அவருக்கே நோய் கூடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் கடமை.